பயிற்றுவிப்பாளர் வாய்விட்டால்: கண்டிப்பதா, ஒதுக்கிவைப்பதா, வேலையை விட்டு நீக்குவதா?

சனிக்கிழமை மாலை ஆட்டம் முடிகிறது. இரவு ஒன்பது மணிக்குச் செயற்குழுவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்து விழுகிறது. மன்றத்தின் பயிற்றுவிப்பாளர் எதிரணியினரின் இனத்தைக் கிண்டலடித்து இன்ஸ்டகிராமில் எழுதியிருக்கிறார். பத்து மணிக்குள் குழு இரண்டு கட்சியாகிவிடும். “சொந்தக் கணக்கில்தானே எழுதினார், பேச்சுரிமை இல்லையா?” என்பது ஒரு கட்சி. “இன்றைக்கே தூக்குங்கள்” என்பது இன்னொன்று. கிரிக்கெட், காற்பந்து மன்றங்களை நடத்துவோரும் சிறு பயிற்சியகம் வைத்திருப்போரும் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: எந்த வழியை எடுப்பது?

வழிகள் நான்கு. அவற்றைப் பார்க்குமுன் பேச்சுரிமை வாதத்தை முடித்துவிடலாம்.

பேச்சுரிமை எதுவரை வரும்

அரசமைப்புச் சட்டத்தின் 14வது பிரிவு சிங்கப்பூர்க் குடிமக்களுக்குப் பேச்சுரிமை தருகிறது. அதற்கு வரம்பு விதிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருவதும் அதே பிரிவுதான். அது குடிமகனுக்கும் அரசுக்கும் இடையிலான விவகாரம். சம்பளம் கொடுக்கும் மன்றத்திடம் அதைக் காட்டி வேலையைத் தக்கவைத்துக்கொள்ள முடியாது. வேலை அனுமதியில் வந்திருக்கும் வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளருக்கோ அந்தப் பிரிவு பொருந்துவதே இல்லை. பேச்சுரிமைக்குப் பெயர்போன அமெரிக்காவிலும் நிலைமை இதுதான். கிளிப்பர்ஸ் கூடைப்பந்து அணியின் உரிமையாளர் டோனல்ட் ஸ்டெர்லிங் தனிப்பட்ட உரையாடலில் கறுப்பினத்தவரைப் பற்றி இழிவாகப் பேசியது 2014ல் கசிந்தது. கூடைப்பந்து லீக்கான என்பிஏ அவருக்கு வாழ்நாள் தடையும் 25 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

அதனால் மன்றம் நினைத்ததைச் செய்யலாம் என்று ஆகிவிடாது. பயிற்றுவிப்பாளருக்கு உண்மையான பாதுகாப்பு வேறு இடத்தில் இருக்கிறது: ஒப்பந்தத்தில், வேலை நியமனச் சட்டத்தில், மன்றத்தின் சொந்த விதிகளில். செயற்குழுக்கள் சறுக்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

அவர் உங்களுக்கு யார்?

இதற்கு விடை தெரியாமல் எந்த வழியையும் எடைபோட முடியாது.

*ஊழியர்* என்றால் வேலை நியமனச் சட்டம் வரும். மேலாளர், நிர்வாகி நிலையில் இருப்போரும் 2019 ஏப்ரல் முதல் அதற்குள் அடக்கம்.

*தன்னுரிமைப் பயிற்றுவிப்பாளர்* என்றால் ஒப்பந்தம் மட்டுமே. நம் ஊரில் பயிற்றுவிப்பாளர்களில் பலர் இந்த வகைதான். ஆனால் ‘ஃப்ரீலான்சர்’ என்று தாளில் எழுதிவிட்டால் மட்டும் அப்படி ஆகிவிடாது. நேரத்தை யார் குறிக்கிறார், அவர் வேறிடத்தில் வேலை செய்யலாமா, தனக்குப் பதில் ஆள் அனுப்பலாமா, கருவிகள் யாருடையவை என்று பாருங்கள். எல்லாமே மன்றத்தின் கையில் என்றால் அவர் ஊழியர் என்று தீர்ப்பாக வாய்ப்புண்டு. அப்போது கட்டாத மத்திய சேமநிதி (மசேநி) சந்தாவும் சேர்ந்து கிளம்பும்.

*உறுப்பினர்* என்றால், அதாவது சம்பளமில்லாமல் உதவும் மூத்த ஆட்டக்காரர் என்றால், மன்றத்தின் அமைப்புவிதிகளும் இயற்கை நீதியும் வரும். சிங்கப்பூர் ஐலண்ட் கன்ட்ரி கிளப் ஓர் உறுப்பினரை இடைநீக்கம் செய்ததை 2008ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்பதே காரணம். “நம் மன்றம், நம் இஷ்டம்” என்பவர்களுக்கு இந்த ஒரு தீர்ப்பு போதும்.

*தேசிய விளையாட்டாளர்* கதை தனி. அங்கே வேலை போவதில்லை, தேர்வு போகும். 2019ல் நெடுந்தொலைவு ஓட்டக்காரர் சோ ருய் யோங்கைத் தென்கிழக்காசிய விளையாட்டுகளுக்குத் தேர்ந்தெடுக்க தேசிய ஒலிம்பிக் மன்றம் மறுத்தது. அது சொன்ன காரணம் அவருடைய நடத்தை.

எதை வைத்து எடைபோடுவது

ஐந்து அளவுகோல்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எடை இல்லை. முதல் இரண்டும்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கும்.

1. மீறிய விதி முன்கூட்டியே எழுத்தில் இருந்ததா, அவர் கையெழுத்திட்டாரா?
2. பேச்சு யாரை நோக்கியது? அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட சிறுவனை நோக்கியதா, எதிரணியையா, பொதுவாக உலகத்தையா?
3. சான்று எவ்வளவு உறுதி? ஸ்கிரீன்ஷாட்டில் தேதியும் முழு உரையாடலும் தெரிகிறதா, ஒரு வரி மட்டும் வெட்டப்பட்டிருக்கிறதா?
4. எடுத்த முடிவு தவறென்று தெரிந்தால் திரும்பப் பெற முடியுமா?
5. கணக்கில் முதலில் தெரியாத செலவு என்ன?

இரண்டாவதை மட்டும் சற்று நின்று பார்க்கவேண்டும். வலைப்பயிற்சியில் பயிற்றுவிப்பாளர் ஒரு பையனை “டேய் கருவாயா, முன்னங்காலை நீட்டு” என்கிறார். ஊரில் அவரையும் அப்படிக் கூப்பிட்டுத்தான் வளர்த்திருப்பார்கள். கேட்டால் “செல்லமாகச் சொன்னது சார்” என்பார். பொய்யும் அல்ல. ஆனால் பக்கத்து வலையில் நிற்கும் சீன, மலாய்ப் பையன்கள் அதன் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அடுத்த வாரம் அதையே சொல்வார்கள். மான்செஸ்டர் யுனைடெட்டின் எடின்சன் கவானிக்கு 2020ல் நடந்தது ஏறக்குறைய இதுதான். நண்பருக்கு இன்ஸ்டகிராமில் ‘நெக்ரிட்டோ’ (கறுப்பன் என்ற பொருளுள்ள ஸ்பானியச் சொல்) என்று சொல்லி நன்றி எழுதினார். உருகுவேயில் அது கொஞ்சல் சொல். புண்படுத்தும் நோக்கம் அவருக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டுதான் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் மூன்று ஆட்டத் தடையும் 100,000 பவுண்டு அபராதமும் விதித்தது. நோக்கம் இல்லாமை தண்டனையைக் குறைக்கும், குற்றத்தை அழிக்காது என்பது அதன் தர்க்கம். நம் மன்றங்களுக்கும் அதுவே பொருத்தமான அளவு என்று நினைக்கிறோம். மூன்று ஆட்டம் அதிகமா என்பது வேறு வாதம்.

வழி 1: எழுத்துமூலக் கண்டிப்பும் மன்னிப்பும்

முதல் தவறு, குறிப்பிட்ட ஆளை நோக்கியதல்ல, அல்லது பல ஆண்டு பழைய பதிவு என்றால் இது போதும். செலவு மிகக் குறைவு, எப்போது வேண்டுமானாலும் மேலே போகலாம்.

இதன் மறைசெலவு மன்னிப்பின் வாசகத்தில் இருக்கிறது. “யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்” என்று எழுதினால் சண்டை இன்னும் ஒரு வாரம் ஓடும். என்ன சொன்னேன், யாரைப் பற்றிச் சொன்னேன், அது ஏன் தவறு, இனி என்ன செய்யப்போகிறேன் என்ற நான்கும் இருக்கவேண்டும். நான்கு வரிக்கு மேல் வேண்டாம். பாதிக்கப்பட்டவர் மன்னித்துவிட்டார் என்பதால் விவகாரம் முடிந்ததாகவும் எடுத்துக்கொள்ளக்கூடாது. 2019ல் பாகிஸ்தான் அணித்தலைவர் சர்ஃபராஸ் அகமது தென்னாப்பிரிக்காவின் ஆன்டிலே பெலுக்வாயோவின் நிறத்தைக் குறித்துச் சொன்னது ஸ்டம்ப் மைக்கில் பதிவானது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டார், அது ஏற்கப்பட்டது. இருந்தும் ஐசிசி நான்கு ஆட்டங்களுக்குத் தடை விதித்தது.

இன்னொரு சிக்கல் வாய்மொழிக் கண்டிப்பு. தோளில் கைபோட்டு, டீ வாங்கிக்கொடுத்து, “இனி இப்படி வேண்டாம் தம்பி” என்று முடிப்பது நமக்குச் சுலபம். அடுத்த முறை நடக்கும்போது கோப்பு காலியாக இருக்கும்.

வழி 2: இடைநீக்கம்

இங்கே இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று, விசாரணை முடியும்வரை ஒதுக்கிவைப்பது. மற்றது, விசாரணைக்குப் பிறகு தண்டனையாக ஒதுக்கிவைப்பது. வேலை நியமனச் சட்டத்தின் 14வது பிரிவின்படி விசாரணைக்காக ஒரு வாரம்வரை ஊழியரை நிறுத்திவைக்கலாம், அந்த வாரத்துக்குக் குறைந்தது பாதிச் சம்பளம் தரவேண்டும். தவறு நிரூபணமாகாவிட்டால் பிடித்த மீதியைத் திருப்பித் தரவேண்டும். விசாரணைக்குப் பிந்திய தண்டனை என்றால் சம்பளமில்லாமல் ஒரு வாரம்வரை. “ஒரு மாதம் சம்பளமில்லாமல் வீட்டில் இரு” என்று கடிதம் அனுப்பும் மன்றங்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன.

எங்கள் பரிந்துரை: முதல் வாரத்தில் முழுச் சம்பளத்தையே கொடுத்து ஒதுக்கிவையுங்கள். மிச்சமாகும் பாதிச் சம்பளத்தைவிட, “தீர்ப்புக்கு முன்பே தண்டித்தார்கள்” என்ற வாதம் இல்லாமல் போவது பெரிய லாபம்.

முடிவுத் தேதி இல்லாத இடைநீக்கம் எல்லாருக்கும் தொல்லை. இந்திய கிரிக்கெட் வீரர்கள் ஹார்திக் பாண்டியா, கே.எல். ராகுல் விவகாரம் நினைவிருக்கும். தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பெண்களைப் பற்றிப் பேசியதற்காக 2019 ஜனவரியில் ஆஸ்திரேலியத் தொடரின் நடுவே திருப்பி அனுப்பப்பட்டார்கள். இரண்டு வாரத்தில் தடை நீங்கியது, விசாரணையோ தொங்கியது. ஏப்ரலில்தான் இந்திய கிரிக்கெட் வாரியத்தின் குறைதீர்ப்பாளர் ஆளுக்கு 20 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து முடித்தார். வாரியம் அதைத் தாங்கும். ஒரே பயிற்றுவிப்பாளரை வைத்து நான்கு வயதுப் பிரிவுகளை நடத்தும் பயிற்சியகம் தாங்காது: மாற்று ஆளுக்கு மணிக்கட்டணம், ரத்தான வகுப்புக்குப் பெற்றோருக்குப் பணம் திரும்ப, முன்பதிவு செய்த திடலின் வாடகை.

பழைய பதிவுகளுக்கு ஆட்டத் தடையின் ஒரு பகுதியை நிறுத்திவைக்கும் முறை நன்றாக வேலை செய்கிறது. ஒல்லி ராபின்சன் 2021ல் லார்ட்ஸில் இங்கிலாந்துக்காக முதல் டெஸ்ட் ஆடிய நாளன்றே, பதின்ம வயதின் இறுதியில் அவர் எழுதிய இனவாத, பெண்களை இழிவுபடுத்தும் ட்வீட்டுகள் வெளிவந்தன. எட்டு ஆட்டத் தடை. அதில் ஐந்தை இரண்டு ஆண்டுக்கு நிறுத்திவைத்தார்கள். மீதி மூன்றை அதற்குள் அவர் தவறவிட்டிருந்தார். ஆள் அணிக்குத் திரும்பினார், தலைமேல் கத்தியும் இருந்தது.

வழி 3: முன்னறிவிப்புடன் விலக்குதல்

செயற்குழுக்களுக்கு மிகவும் பிடித்த வழி. ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் சொல்லப்படாவிட்டால் சட்டம் சொல்வது: 26 வாரத்துக்குக் குறைந்த சேவைக்கு ஒரு நாள், இரண்டு ஆண்டுக்குள் ஒரு வாரம், ஐந்து ஆண்டுக்குள் இரண்டு வாரம், அதற்கு மேல் நான்கு வாரம். சம்பளத்தைக் கொடுத்து உடனே அனுப்பவும் செய்யலாம். காரணம் எதுவும் சொல்லாமல் முன்னறிவிப்புடன் விலக்கினால், அது தவறான பணிநீக்கம் அல்ல என்றே முதலில் கருதப்படும்.

இதன் மறைசெலவு அந்த ‘காரணம்’தான். கடிதத்தில் எதுவும் எழுதாமல் விட்டுவிட்டு, பெற்றோர் குழுவில் “இனவாதம் பேசியதால் நீக்கிவிட்டோம்” என்று செயலாளர் தட்டிவிடுவார். காரணம் சொன்னபின் அது பொய்யென்று நிரூபணமானால் தவறான பணிநீக்கம். அவதூறு தனி. நம் நீதிமன்றங்கள் அவதூறை எவ்வளவு கடுமையாக எடுத்துக்கொள்கின்றன என்பதற்கு விளையாட்டுக்குள்ளேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. சக ஓட்டக்காரர் ஆஷ்லி லியூவைப் பற்றிச் சொன்னவற்றுக்காக 180,000 வெள்ளி இழப்பீடு தரவேண்டும் என்று 2021ல் சோ ருய் யோங்குக்கு உத்தரவானது.

வெளிநாட்டவர் என்றால் வரித்துறையிடம் ஐஆர்21 என்ற வரிப் படிவம் தாக்கல் செய்யவேண்டும். வரி சரிபார்ப்பு முடியும்வரை அவருக்குச் சேரவேண்டிய பணத்தைப் பிடித்துவைக்கவும் வேண்டும். இரவோடிரவாக அனுப்பிவிட்டு மறுவாரம் இது நினைவுக்கு வந்து பதறுவது வழக்கம்.

சிறுவர்களை நேரடியாக இழிவுபடுத்திய ஒருவருக்கு இந்த வழி கூடாது என்பது எங்கள் கருத்து. கோப்பில் தடயமே இராது. அடுத்த மாதம் அவர் வேறொரு பள்ளியில் விசிலோடு நிற்பார்.

வழி 4: விசாரணைக்குப் பின் உடனடிப் பணிநீக்கம்

குழந்தையையோ சக ஊழியரையோ நேரடியாகத் தாக்கிய பேச்சு, கண்டித்தபின்னும் திரும்பச் செய்தது, விசாரணையில் பொய் சொன்னது ஆகியவற்றுக்கு இதுவே பொருத்தம். முன்னறிவிப்பும் இல்லை, அதற்கான சம்பளமும் இல்லை. ஆனால் ‘முறையான விசாரணை’ இல்லாவிட்டால் இந்த வழி இடிந்துவிழும்.

விசாரணைக்கு நீதிமன்றச் சடங்கு தேவையில்லை. புகார் என்னவென்று எழுத்தில் சொல்லவேண்டும், பதில் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும், சார்பில்லாதவர் கேட்கவேண்டும். சிறிய மன்றத்தில் மூன்றாவதுதான் கஷ்டம். தலைவரின் மகனே புகார் கொடுத்தவனாக இருப்பான். வேறொரு மன்றத்திலிருந்து ஒருவரை அழைத்து மூவர் குழுவாக உட்காருவது நல்லது. கடிதம் இந்த மாதிரி இருக்கட்டும்:

“இம்மாதம் 8ஆம் தேதி இரவு 8.40க்கு உங்கள் இன்ஸ்டகிராம் கணக்கில் வந்த பதிவின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. இது உங்கள் ஒப்பந்தத்தின் 9வது விதியை மீறுவதாகப் புகார் வந்துள்ளது. பதிவு உங்களுடையதா, எந்தச் சூழலில் எழுதினீர்கள் என்பதை 13ஆம் தேதி மாலை 6 மணிக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். 15ஆம் தேதி குழுவைச் சந்திக்கலாம். இன்னும் எந்த முடிவும் எடுக்கப்படவில்லை.”

கடைசி வாக்கியம் அலங்காரம் அல்ல. அது உண்மையாகவும் இருக்கவேண்டும். விசாரணைக்கு முதல்நாளே குழுவில் “போனார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்” என்று ஒருவர் எழுதியிருந்தால், அந்தச் செய்தி ஒருநாள் எதிர்த்தரப்பின் கையில் இருக்கும்.

வேகத்துக்கும் நிதானத்துக்கும் நம் ஊரிலேயே இரு எடுத்துக்காட்டுகள் உண்டு, விளையாட்டுக்கு வெளியே. 2012 அக்டோபரில் அடுக்குமாடிகளின் வெற்றுத்தளத்தில் நடக்கும் மலாய்த் திருமணங்களை இழித்து ஃபேஸ்புக்கில் எழுதிய ஊழியரைத் தொழிற்சங்கக் கூட்டமைப்பான என்டியுசி மறுநாளே நீக்கியது. பதிவு யாருடையது என்பதில் ஐயமில்லை, அதனால் அந்த வேகம் தாங்கியது. 2021ல் ஆர்ச்சர்ட் சாலையில் கலப்பினத் தம்பதியரை வம்புக்கிழுத்த விரிவுரையாளரை நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரி முதலில் இடைநீக்கம் செய்தது, விசாரித்தது, பிறகே நீக்கியது. சிறு மன்றங்கள் இரண்டாவதைப் பின்பற்றுவதே உசிதம்.

விதி எழுத்தில் இல்லாவிட்டால் பெரிய அமைப்பும் திணறும். ரக்பி வீரர் இஸ்ரேல் ஃபோலா ஒருபாலுறவினரைச் சாடி எழுதிய சமயப் பதிவுகளுக்காக 2019 மே மாதம் ரக்பி ஆஸ்திரேலியா அவரது ஒப்பந்தத்தை முறித்தது. முந்தைய ஆண்டே இதுபோன்ற பதிவுகளால் தலைவலி இருந்தும், சமூக ஊடகம் பற்றித் தனி விதி சேர்க்காமல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருந்தார்கள். வழக்கு டிசம்பரில் சமரசத்தில் முடிந்தது, இருதரப்பும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டன.

பக்கத்தில் பக்கமாக

| | கண்டிப்பு | இடைநீக்கம் | முன்னறிவிப்புடன் விலக்கல் | உடனடிப் பணிநீக்கம் |
|---|---|---|---|---|
| எழுத்து விதி | இருந்தால் நல்லது | அவசியம் | தேவையில்லை | மிக அவசியம் |
| சான்று | ஓரளவு போதும் | விசாரணைக்காக என்றால் ஓரளவு | காரணம் சொல்லாதவரை கேட்கமாட்டார்கள் | உறுதியாக வேண்டும் |
| திரும்பப் பெற | சுலபம் | சுலபம் | கடினம் | மிகக் கடினம் |
| மறைசெலவு | அரைமனது மன்னிப்பு | மாற்று ஆள், கட்டணம் திரும்ப | வாய்விட்ட காரணம், அவதூறு | உரிமைகோரல் வழக்கு |
| பொருந்துவது | முதல் தவறு, பழைய பதிவு | சான்று தெளியாதபோது | நம்பிக்கை போனது, ஆனால் பெரிய குற்றமில்லை | நேரடி இழிவு, மீண்டும் செய்தது |

நீக்கப்பட்ட ஊழியர் கடைசி வேலைநாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், வேலைத் தகராறுகளைச் சமரசம் செய்யும் டிஏடிஎம் அமைப்பில் சமரசத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும். அங்கே முடியாவிட்டால் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றம். கோரிக்கை வரம்பு 20,000 வெள்ளி, தொழிற்சங்கம் வழியாக வந்தால் 30,000. மேலாளர் நிலையில் இருப்பவரை முன்னறிவிப்புடன் விலக்கியிருந்தால், அவர் ஆறு மாதம் வேலை செய்திருந்தால்தான் கோரமுடியும்.

தன்னுரிமையாளர் என்றால்

மேலே சொன்ன பாதி பொருந்தாது. வகுப்புகளைக் கொடுக்காமல் நிறுத்தினாலே போதும் என்று நினைப்பார்கள். 12 வார ஒப்பந்தத்தில் நான்காவது வாரம் நிறுத்தினால், இடையில் முறிக்கும் விதி இல்லாதபோது, மீதி எட்டு வாரக் கட்டணத்தை அவர் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் கேட்கலாம்.

பிபிசியின் காற்பந்து நிகழ்ச்சி நெறியாளர் கேரி லினேக்கர் விவகாரம் இதற்குப் பாடம். 2023 மார்ச்சில் பிரிட்டனின் அகதிக் கொள்கையைச் சாடி ட்வீட் போட்டார். அவர் ஊழியர் அல்லர், தன்னுரிமையாளர். செய்திப் பிரிவுக்குரிய நடுநிலை விதி விளையாட்டு நெறியாளருக்கு எவ்வளவு பொருந்தும் என்பது தெளிவாக எழுதப்படவில்லை. பிபிசி அவரை ஒதுங்கச் சொன்னது, சக வர்ணனையாளர்கள் உடன் விலகினார்கள், அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சி வர்ணனையே இல்லாமல் 20 நிமிடத்தில் முடிந்தது. சில நாளில் அவர் திரும்பினார், பிபிசி விதியை மறுஆய்வுக்கு அனுப்பியது. புண்படுத்தும் பேச்சையும் பிடிக்காத அரசியல் கருத்தையும் ஒரே தராசில் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

அவர் தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவேட்டில் இருந்தால் அதற்கான நடத்தை நெறியும் அவரைக் கட்டுப்படுத்தும். சிறுவர் சம்பந்தப்பட்ட புகாரை அங்கும் கொண்டுபோகலாம்.

காவல்துறைப் புகார் ஐந்தாவது வழி அல்ல

இனம், சமயம் பற்றிய வெறுப்புப் பேச்சும் தொல்லையும் இங்கே குற்றச் சட்டத்தின் கீழும் வரும். 2025 பிப்ரவரியில் இன நல்லிணக்கப் பராமரிப்பு மசோதாவையும் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆனால் அது தனிப் பாதை. எதிரணி ஆட்டக்காரரை இனரீதியாகத் திட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இங்கிலாந்துக் காற்பந்து வீரர் ஜான் டெர்ரி 2012 ஜூலையில் நீதிமன்றத்தில் விடுதலையானார். அதே சம்பவத்துக்கு இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் செப்டம்பரில் நான்கு ஆட்டத் தடையும் 220,000 பவுண்டு அபராதமும் விதித்தது. குற்றவியல் நீதிமன்றத்துக்கு ஐயமற்ற நிரூபணம் வேண்டும். ஒழுங்கு விசாரணைக்கு ‘நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்பது போதும். ஆகவே “போலீஸ் முடிவு வரட்டும்” என்று காத்திருக்க மன்றம் கடமைப்படவில்லை. காவல்துறை சான்றுகளைத் தொடாதே என்றால் மட்டும் விசாரணையைத் தள்ளிவைத்து, ஆளை முழுச் சம்பளத்தோடு ஒதுக்கிவையுங்கள்.

அடுத்த ஒப்பந்தத்தில் சேர்க்கவேண்டியவை

தற்போதைய விவகாரத்துக்கு இது உதவாது, அடுத்ததற்கு உதவும். திடலிலும் பயணத்திலும் மன்றத்தின் பெயர் தெரியும் எந்தக் கணக்கிலும் இனம், சமயம், பாலினம், உடற்குறை, தாய்நாடு ஆகியவற்றை இழிவுபடுத்தும் பேச்சு ஒழுங்குமீறல் என்று ஒரு விதி. தனிப்பட்ட கணக்கிலும் மன்றத்தின் ஆட்டக்காரரையோ பெற்றோரையோ குறிவைத்தால் அதே விதி. தேர்தல், கொள்கை, தொழிற்சங்கம் பற்றிய கருத்து இதில் வராது என்று ஒரு வரி. தன்னுரிமையாளருக்கு, இந்த விதியை மீறினால் ஒப்பந்தத்தை இடையில் முறிக்கலாம், நடத்திய வகுப்புகளுக்கு மட்டுமே கட்டணம் என்று இன்னொரு வரி. பருவத் தொடக்கத்தில் கையெழுத்து வாங்கி, நகலை அவரிடமும் கொடுத்துவிடுங்கள். மன்றத்து அலமாரியில் மட்டும் இருக்கும் ஒப்பந்தம் தேவைப்படும் இரவில் கிடைக்காது.